வண்டியைக் காப்பாத்தறதா, வண்டி போன தடத்தைக் காப்பாத்தறதா?

நம்ம ஊர்ல கேரவன்னு சொன்னா யாருக்கும் ஊர் சுத்தற வண்டி ஞாபகத்துக்கு வராது. ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த பஸ்தான் வரும். "கேரவனை விட்டு இறங்க மாட்டேங்கறார்"னு சினிமா கிசுகிசுவில் படிச்சே அந்த வார்த்தை நமக்குப் பழக்கம். ஆனா அசல் கேரவன் வேற. காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேஜை, அலமாரி எல்லாம் இருக்கும். மேலைநாடுகள்ல அம்பது அறுபது வருஷப் பழசான இந்த வண்டிகளை வாங்கி, ஆணி ஆணியாப் பிரிச்சு, மறுபடி பூட்டி ஓட வைக்கிறது பெரிய பொழுதுபோக்கு. செய்யறவங்கள்ல பாதிப் பேர் மெக்கானிக்கே கிடையாது. வாத்தியார், பேங்க் கிளார்க், ரிட்டயர்டு ஆசாமிங்க, ஞாயித்துக்கிழமை ஸ்பானர்காரங்க.

இதுக்கும் வேலூர், ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? இருக்கு. கொஞ்சம் சுத்தி வரணும், பரவாயில்லையா? :-)

ரெண்டு டாக்டர்கள்

முதல் டாக்டர் ஸ்காட்லாந்துக்காரர். பேர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கப்பற்படையில் மருத்துவரா இருந்து ஓய்வு பெற்றவர், பையன்களுக்கான சாகசக் கதைகளை எழுதித் தள்ளினவர். அந்தக் காலத்துல சக்கரத்து மேல வீடு வச்சிருந்தவங்க ஜிப்சிகளும் சர்க்கஸ்காரங்களும்தான். ஒரு கனவான் தன் சந்தோஷத்துக்காக அப்படி ஒண்ணு செஞ்சுக்கிட்டு ஊர் சுத்தலாம்னு இவருக்குத் தோணிச்சு. பிரிஸ்டல் நகரத்து வேகன் கம்பெனி ஒண்ணுகிட்ட சொல்லி, நல்ல மரத்துல இழைச்சு இழைச்சு ஒரு வண்டி செய்ய வச்சார். அதுக்கு 'வாண்டரர்'னு பேர் வச்சு, 1885ல் இங்கிலாந்தில் கிளம்பி ஸ்காட்லாந்தின் வட பக்கம் வரைக்கும் போனார். இழுத்தது ரெண்டு குதிரை. ஒண்ணு பேர் பீ பிளாசம், இன்னொண்ணு கார்ன்ஃபிளவர். (சூப்ல போடற மாவு இல்லைங்க, அது பூ!) கூட ஒரு நாய், ஒரு கிளி, ஒரு வண்டிக்காரர், முன்னாடி மூணு சக்கர சைக்கிள்ல போய் வழி பார்த்து வர ஒரு வேலைக்காரர். ராஜா ஊர்வலம்தான். பயணத்தைப் புத்தகமா எழுதினார், அது 1886ல் வந்தது. பொழுதுபோக்கு கேரவனோட கதை இவர்கிட்ட இருந்துதான் ஆரம்பிக்குதுன்னு சொல்வாங்க.

அப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்தது. 1907ல் இங்கிலாந்தில் கேரவன் கிளப் தொடங்கிட்டாங்க. முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட, 1919ல், பர்மிங்ஹாம் எக்கிள்ஸ் கம்பெனி கார் இழுக்கற கேரவன்களை விற்பனைக்குச் செய்ய ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல 1930கள்ல ஏர்ஸ்ட்ரீம்காரங்க ஏரோப்பிளேன் மாதிரி அலுமினியத் தகட்டை ரிவிட் அடிச்சு, வெள்ளி முட்டை கணக்கா ஒரு வண்டி கொண்டு வந்தாங்க. இன்னிக்கும் பழைய வண்டிப் பைத்தியங்களுக்கு அதுதான் கனவுக்கன்னி.

ரெண்டாவது டாக்டர் நம்ம ஊர். ஐடா ஸ்கடர், 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவங்க. அமெரிக்க மிஷனரி குடும்பம். திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு வீட்டுக்காரங்க பிரசவத்துக்குப் பெண் டாக்டர் கேட்டு வந்து, இல்லாமத் திரும்பிப் போய், மூணு பெண்களும் செத்துப்போன கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் டாக்டருக்குப் படிச்சு 1900ல் வேலூர் வந்தாங்க. 1902ல் 40 படுக்கையோட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. அதுதான் பின்னாடி சி.எம்.சி. ஆச்சு.

நமக்கு வேண்டிய விஷயம் அடுத்தது. ஆஸ்பத்திரி கட்டியாச்சு, ஆனா கிராமத்து ஜனம் எப்படி வரும்? ஜட்கா வண்டியில் இவங்க வெளியூர் போனா, வழியெல்லாம் ஜனங்க நிறுத்தி வைத்தியம் கேட்டாங்க. அதையே ஒரு ஏற்பாடா மாத்தினாங்க. 1909ல் ஒரு பீஜோ கார் வந்து சேர்ந்தது. பிரான்ஸ் வண்டி, ஒரே சிலிண்டர். இன்னிக்கு நம்ம மொபெட்டுக்கு இருக்கிற மாதிரி ஒத்தை சிலிண்டர்! முதல் தடவை அது குடியாத்தம் ரோட்டுல தடதடன்னு போனப்ப, பேய் வருதுன்னு கிராமத்து ஜனம் ஓடியே போச்சாம். அடுத்தடுத்த வாரங்கள்ல அதே ஜனம் மரத்தடியில வரிசையா காத்திருந்தது. மருந்துப் பெட்டியை இறக்கி வச்சு, கட்டியைக் கீறிவிடறது, புண்ணைக் கழுவறது, கண்ணுக்கு மருந்து விடறது, தொழுநோயாளிகளைப் பார்க்கறது எல்லாம் அங்கேயே. இதுக்கு அவங்க வச்ச பேர் 'ரோட்சைடு'. அவ்வளவுதான், அலங்காரமே கிடையாது.

ரெண்டு பேரும் டாக்டர். ரெண்டு பேரும் வண்டியில ஊர் ஊரா போனவங்க. ஒருத்தர் வீட்டைக் கட்டி இழுத்துட்டுப் போனார், சந்தோஷத்துக்கு. இன்னொருத்தங்க ஆஸ்பத்திரியைப் பெட்டியில அடைச்சு எடுத்துட்டுப் போனாங்க. ஸ்டேபிள்ஸோட வாண்டரரை அழியாம காப்பாத்தி வச்சிருக்காங்க. ஐடாவோட பீஜோவைப் பத்தி நாம புத்தகத்துலதான் படிக்கிறோம்.

இதைச் சொன்னதும் "பாருங்க, நமக்கு வரலாற்று உணர்வே இல்லை"ன்னு ஆரம்பிச்சுடுவோம். நானும் அந்த வசனத்தைப் பல பதிவுல பார்த்திருக்கேன். கொஞ்சம் பொறுங்க.

மட்டடோர் புராணம்

எனக்குப் பழைய வண்டின்னா கொஞ்சம் பைத்தியம். ஆம்பூர்ல என் சிநேகிதர் ஒருத்தர் ஒரு பழைய மட்டடோர் வேனை வாங்கிப் போட்டு, அதைக் குடும்பத்தோட ஊர் சுத்தற வண்டியா மாத்திக்கிட்டிருக்கார். நான் லீவு நாள்ல போய் கையாள் வேலை பார்ப்பேன். ஸ்பானர் எடுத்துக் குடுக்கறது, டீ வாங்கிட்டு வர்றது, வேண்டாத யோசனை சொல்றது. :-)

அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன், கேரவனுக்கும் இதேதான்.

ஒண்ணு, பழைய வண்டிக்கு முதல் எதிரி தண்ணி. எஞ்சின் அப்புறம். கூரை மூட்டுல மயிரிழை விரிசல் இருந்தாப் போதும். மழைத்தண்ணி அதுல இறங்கி, உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவுல தங்கி, கீழே தரைப் பலகை வரைக்கும் வந்து, அங்கே உட்கார்ந்து அழுக வைக்கும். தரை இத்துப்போச்சேன்னு தரையை மட்டும் மாத்தினா அடுத்த மழைக்காலத்துல திரும்ப அதே கதை. வியாதி தரையில தெரியும், காரணம் கூரையில இருக்கும்.

ரெண்டு, எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்துல பிரிக்கக் கூடாது. மரச்சட்டம் போட்ட பழைய கேரவன்ல தகடும் சட்டமும் ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கிட்டு நிக்கும். நாலு பக்கமும் உரிச்சீங்கன்னா பெட்டி கோணிக்கும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் பூட்டாது. ஒரு பக்கம் பிரி, முட்டுக் குடு, சரி பண்ணு, மூடு. அப்புறம் அடுத்த பக்கம்.

மூணு, அலுமினியத் தகட்டுல இரும்பு ஆணி அடிக்கக் கூடாது. ரெண்டு உலோகமும் ஈரத்துல சேர்ந்தா அலுமினியம் அரிச்சுப் பொடியாப் போகும். பழைய வண்டியில ஆணி இருக்கிற இடத்தைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்திருந்தா அர்த்தம் இதுதான்.

நாலு, இதுதான் முக்கியம். அழுகின கட்டையைத் தூக்கிப் போடாதீங்க. புதுக் கட்டை வெட்ட அளவு அதுகிட்டதான் இருக்கு. வளைவு, துளை, இணைப்பு எல்லாம் அந்த இத்துப்போன துண்டுலதான் எழுதியிருக்கு. புதுசு பொருந்தி உட்கார்ற வரைக்கும் பழசைப் பத்திரமா வச்சிருக்கணும்.

தோல் பஞ்சாயத்து

மட்டடோர்ல சீட் வேலைக்கு வந்தப்பதான் உண்மையான சண்டை. எனக்கு ரெக்சின் போதும். சிநேகிதர் ஆம்பூர்க்காரர், மூணு தலைமுறையா தோல் ஷாப்ல வேலை பார்த்த குடும்பம். "ஆம்பூர்ல இருந்துக்கிட்டு ரெக்சின் போடறதா? வெளியில தலைகாட்ட முடியுமா?"ன்னுட்டார். சரி, தோல்னா எந்தத் தோல்?

சீட் தைக்கிற பாய் ரெண்டு துண்டு கொண்டு வந்து மேஜை மேல போட்டார். ஒண்ணு இளஞ்செம்மண் நிறம், கொஞ்சம் விறைப்பு, மூக்குகிட்ட கொண்டு போனா மரப்பட்டை வாசனை. இன்னொண்ணு மெத்துன்னு, எந்த நிறம் வேணும்னாலும் கிடைக்கும். "இது பட்டைத் தோல், இது குரோம். எது வேணும் சார்?"ன்னார். அந்த ரெண்டு துண்டுக்குள்ளே இந்தப் பகுதியோட 150 வருஷ சரித்திரம் இருக்கு.

பட்டைத் தோல்னா ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு, குழியில வாரக்கணக்கா ஊற வச்சுப் பதப்படுத்தறது. 19ம் நூற்றாண்டுல மெட்ராஸ் மாகாணத்துல இருந்து கப்பலேறின சரக்கு இதுதான். உலகச் சந்தையில இதுக்கு 'ஈ.ஐ. லெதர்'னு பேர். ஈ.ஐ.ன்னா ஈஸ்ட் இந்தியா. 2008ல் இதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்துப் பக்கமா தோல் ஷாப்புகள் வளர்ந்ததுக்கு மூணு காரணம்: பக்கத்துலயே ஆவாரஞ்செடி, ஆத்துத் தண்ணி, மெட்ராஸ் துறைமுகத்துக்கு ரயில். தென்னிந்தியாவோட முதல் ரயிலே 1856ல் ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடுச்சு. தோலுக்கு அது எவ்வளவு தோதுன்னு யோசிச்சுக்கோங்க.

குரோம் தோல் 20ம் நூற்றாண்டுச் சமாச்சாரம். மெட்ராஸ்ல ஆல்பிரட் சாட்டர்டன்ங்கிற அதிகாரி 1903ல் சோதனை ஆரம்பிச்சார். கவலை இறைக்கிற தோல் சாலுக்கு, தண்ணியில ஊறினாலும் சீக்கிரம் கெடாத தோல் வேணும்ங்கறது அவரோட எண்ணம். குரோமிய உப்புல பதப்படுத்தினா வாரக்கணக்கு வேலை ஓரிரு நாள்ல முடியும், சூட்டையும் நல்லா தாங்கும். இருந்தாலும் ரொம்ப வருஷம் நம்ம ஆட்கள் பட்டைத் தோலையே பாதி பதத்துல ஏற்றுமதி பண்ணிக்கிட்டிருந்தாங்க. 1972ல் சீதாராமையா கமிட்டி, பாதி பதம் போட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பறதைக் குறைச்சு, முழுசா முடிச்ச தோலும் செருப்பும் ஷூவும் அனுப்பணும்னு சொன்னது. அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. நாட்டுக்கு வருமானம், ஊருக்கு வேலை ரெண்டும் ஏறிச்சு. ஆம்பூர் ஷூ உலகம் பூரா போச்சு. கூடவே குரோமும் பாலாத்துல இறங்கிச்சு.

மிச்சம் உங்களுக்கே தெரியும். கிணத்துத் தண்ணி உப்பாச்சு, நிலம் வெளுத்துது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்கு உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு: மாசு பண்ணினவன்தான் பணம் கட்டணும், பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடும் குடுக்கணும், கெட்டுப்போன நிலத்தையும் தண்ணியையும் சரி பண்ற செலவும் அவனோடதுதான். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்தப் பையனும் இந்த வழக்கைத் தாண்டாம பாஸ் ஆக முடியாது. ஆனா அதுல வேலை முடிஞ்சிடலை. 2025 ஜனவரி 30 அன்னிக்கும் இதே பாலாத்துத் தோல் கழிவைப் பத்தி உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்துச்சு. நடுவுல ஆம்பூர் 2019ல் வேலூர் மாவட்டத்தை விட்டு திருப்பத்தூர் மாவட்டத்துக்கே போயிடுச்சு, தண்ணி மட்டும் சரியாகலை.

ஆத்தைச் சரி பண்றதும் பழைய வண்டி சரி பண்றதும் ஒரே மாதிரி வேலைதான். வியாதி தெரியற இடம் ஒண்ணு, காரணம் இன்னொண்ணு. தரையை மட்டும் மாத்தினா ஆகாது.

கடைசியில மட்டடோருக்குப் பட்டைத் தோல்தான். அதுக்கு பாய் ஒரு நிபந்தனை போட்டார்: "இரும்பு ஆணி அடிக்க மாட்டேன் சார், பித்தளை வாங்கிட்டு வாங்க." ஏன்னா பட்டைத் தோல்ல இரும்பு பட்டா அந்த இடம் கருப்பாயிடும். நம்ம பாட்டன்மார் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினாங்களே, அதே ரசாயனம். ஆவாரம் பட்டைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா மை. சீட்டுல மைப்புள்ளி வந்தா எப்படி இருக்கும்!

ஆணி இல்லாத செருப்பு

ஆணின்னதும் இன்னொரு வேலூர்க் கதை. டாக்டர் பால் பிராண்ட் 1946ல் சி.எம்.சி. வந்தார். தொழுநோயாளிகளோட விரல்கள் தானா அழுகி விழறதில்லை, நரம்பு செத்து வலி தெரியாததால அடிபட்டு, சுட்டுக்கிட்டு, புண்ணாகி வீணாப் போகுதுன்னு கண்டுபிடிச்சு நிரூபிச்சவங்கள்ல முக்கியமானவர் அவர். அப்ப அறுவை சிகிச்சை மட்டும் போதாது, செருப்பு வேணும். வேலூர்லயும், 1955ல் தொடங்கின கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்துலயும் மெத்து ரப்பர் அடி வச்ச செருப்பு செஞ்சாங்க. அதுல முக்கியமான விதி, ஆணி கூடாது. ஒட்டணும், தைக்கணும். ஆணி லேசா மேலே வந்து குத்தினா நமக்கு உடனே தெரியும், அவங்களுக்கு எலும்பு வரைக்கும் போனாலும் தெரியாது. தோலுக்குப் பேர் போன இந்தப் பக்கத்துல எத்தனையோ ஷூ செஞ்சிருக்காங்க. எனக்கு அந்த ஆணியில்லாத செருப்புக்கு மேல ஒண்ணும் தெரியலை.

சரி, அந்த வசனத்துக்கு வருவோம்

நமக்குப் பழசைக் காப்பாத்தத் தெரியாதா? திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்க. 96 அடி உயரம், சுமார் 300 டன். 1926ல் எரிஞ்சே போச்சு. புதுசா மரம் வாங்கிச் செஞ்சாங்க. 1948க்கு அப்புறம் ஓடாம நின்னுது. 1970ல் திரும்ப ஓட்டினாங்க. திருச்சி பெல் தொழிற்சாலை உதவியில இரும்பு அச்சு, ஹைட்ராலிக் பிரேக்! மேலைநாட்டு மியூசியக்காரர் பார்த்தா "இது ஒரிஜினல் இல்லையே"ன்னுவார். திருவாரூர்க்காரர்கிட்ட அதைச் சொல்லிப் பாருங்க, வடம் பிடிச்ச கையாலயே ஒண்ணு குடுப்பார். தேர்ங்கறது ஓடணும். ஓடினா அது பழைய தேர்தான்.

ரோட்சைடும் அப்படித்தான்னு நினைக்கிறேன். பீஜோ போச்சு. அதுக்கப்புறம் வேற வேற வண்டி வந்துது. 1918ல் ஐடா தொடங்கின பெண்கள் மருத்துவப் பள்ளி மாணவிகள் அந்த வண்டிகள்ல ஏறிப் போனாங்க. 1940களோட கடைசியில சி.எம்.சி.க்கு வந்த கண் டாக்டர் விக்டர் ராம்போ (சில்வஸ்டர் ஸ்டாலோனுக்கு முந்தின ராம்போ!) கண் அறுவை சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டு போய் முகாம் போட்டார். 1977ல் காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவுல கே.வி. குப்பத்துல ரூசா கிராம சுகாதார மையம் வந்தது. ஐடா 1960ல் கொடைக்கானல்ல காலமாயிட்டாங்க. ஆனா 1909ல் ஜனம் பயந்து ஓடின அதே குடியாத்தம் பக்கத்துல மருத்துவம் தேடி வர்ற பழக்கம் நிக்கலை.

இதே மாதிரி வேற உதாரணமும் உண்டு. 1931ல் மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில நூலகம் வச்சு கிராமம் கிராமமா போனார். அந்த மாட்டு வண்டியை மட்டும் மியூசியத்துல வச்சுட்டு ஊர் நூலகத்தைப் பூட்டினா என்ன பிரயோஜனம்?

அதுக்காக வண்டியே வேண்டாம்னு சொல்லலை. கோயமுத்தூர்ல 2015ல் திறந்த ஜீடி கார் மியூசியம் போய்ப் பாருங்க, பழைய வண்டியைக் கிட்ட நின்னு பார்க்கறப்ப கிடைக்கிற அறிவு புத்தகத்துல கிடைக்காது. மேலே நாலாவது விதி சொன்னேனே, அழுகின கட்டைகிட்டதான் அளவு இருக்கு. அந்த ஒத்தை சிலிண்டர் பீஜோ கண்ணெதிர்ல நின்னிருந்தா, இவ்வளவு சின்ன வண்டியிலயா இவ்வளவு செஞ்சாங்கன்னு இன்னிக்குப் படிக்கிற மருத்துவ மாணவருக்கு ஒரு அளவு தெரிஞ்சிருக்கும். பட்டைத் தோல் ஷாப் ஒண்ணாவது அந்தப் பழைய குழியோட நின்னாத்தான், குரோமுக்கு முன்னாடி இந்த ஊர் எப்படிப் பிழைச்சுதுன்னு அடுத்த தலைமுறைக்குக் காட்ட முடியும். தடம் முக்கியம், ஆனா தடத்துக்கு அளவுகோல் வண்டிதான்.

அதனால மக்களே, உங்க ஊர்ல ஏதாவது நடமாடும் நூலக வேன், பழைய ஆஸ்பத்திரி வண்டி, டூரிங் டாக்கீஸ் சாமான் ஏத்தின லாரின்னு எங்கேயாவது வேப்பமரத்தடியில துருப்பிடிச்சு நின்னா, காயலான் கடைக்குப் போறதுக்குள்ளே நாலு போட்டோ எடுத்து வைங்க. டேப் வச்சு நீள அகலம் குறிச்சுக்கோங்க. ஓட்டினவர் உயிரோட இருந்தா, எந்தெந்த ஊர்ல, எந்த மரத்தடியில நிறுத்துவார்னு கேட்டு எழுதுங்க. பின்னூட்டத்துல சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்.

டிஸ்கி: மட்டடோர் எப்ப ஓடும்னு கேட்கறவங்களுக்கு: கூரை முடிஞ்சுது, சீட் பாதி. பித்தளை ஆணி தீர்ந்து போச்சு, வாங்கப் போகணும்.